பளபளப்புக்குப் பிறகுதான் மேட்

போன ஜூலையில் அப்பா நியூ ஜெர்சிக்கு வருவதற்குள் ஊட்டி ரயில் பெட்டி ஒன்றைச் செய்து முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் கண்ணை ஏமாற்ற முடியாது. 1:87 அளவு, 12 மி.மீ. தண்டவாளம், மேலே கிரீம், கீழே நீலம். பளபளத்தால் பொம்மை மாதிரி தெரியும் என்று இரண்டுமே மேட் பெயின்ட்.

மகள் ஆசைப்பட்டபடி ‘குன்னூர்’ என்ற எழுத்தை டெக்கால் தாளில் வீட்டு பிரிண்டரிலேயே அடித்தேன். மை கரையாமலிருக்க மேலே ஒரு கோட் கிளியர் ஸ்ப்ரே. தண்ணீரில் நனைத்து, வழுக்கி ஒட்டினால், எழுத்தைச் சுற்றி வெள்ளிச் சட்டம் போட்ட மாதிரி ஒரு மினுக்கல்! தப்பு எழுத்தில் இல்லை, அடியில்தான். மேட் பெயின்ட் கண்ணுக்கு வழுவழுப்பு. உண்மையில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அந்தப் பள்ளங்களில் சிக்கிய காற்றுதான் மினுக்குகிறது.

ஊசியால் குத்தி, டெக்காலை இளக்கும் மைக்ரோ சால் தடவிப் பார்த்தேன். பாதிதான் சரியானது. பிய்த்துப் போட்டுவிட்டு, முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி ஒட்டினேன். மைக்ரோ சால் பட்டதும் டெக்கால் சுருங்கும், வயிறு கலங்கும். கை வைக்கக் கூடாது. காயும்போது தானாகவே படிந்துவிடும்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே மேட் வார்னிஷ். அவசரத்தில் மழை நாளில் கராஜைத் திறந்து வைத்து அடித்தேன். பெட்டி முழுக்க வெண்பனி! ஸ்ப்ரே ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டு, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. அழுகையே வந்தது. இரண்டு நாள் பொறுத்து, வெயிலடித்த மத்தியானம் மறுபடி பளபளப்பு கோட் அடித்ததும் பனி மறைந்தது. பிறகு மேட். அதற்கு முன் டின்னை இரண்டு நிமிஷமாவது குலுக்க வேண்டும். மங்கலாக்கும் தூள் அடியில் தங்கியிருக்கும், விட்டால் திட்டுத் திட்டாக விழும். முகமூடி கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

அப்பா வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்டியை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“எழுத்து பெயின்ட்லயே எழுதின மாதிரி இருக்கு. எல்லாம் சரி, பெட்டி முன்னால கொடியோட நிக்கிற பிரேக்ஸ்மேன் எங்கடா?”