ஜெயிக்க மாட்டார்னு தெரிஞ்சும் ஓட்டு: ரான் பால் பற்றிச் சில குறிப்புகள்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஒவ்வொரு முறையும் இப்படி ஒருத்தர் நிற்பார். அவர் ஜெயிக்க மாட்டார் என்று கருத்துக்கணிப்பு சொல்லும், டிவிக்காரர்கள் சொல்வார்கள், அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்களுக்கே தெரியும். இருந்தாலும் லட்சக்கணக்கான பேர் போடுவார்கள். இவங்க ஓட்டை வீணாக்குறாங்களா என்பதுதான் கேள்வி. உட்கட்சித் தேர்தல்களைப் பற்றிக் குறிப்பெடுக்கும்போதெல்லாம் நான் இந்த இடத்தில் வந்து நிற்பேன். வீணில்லை என்பது என் கட்சி. ஆனால் அந்த ஓட்டு வாங்கித் தருவது, போட்டவர் கேட்டதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொள்ள டெக்சாஸ் டாக்டர் ரான் பாலைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாகக் கட்சிக்குள் ஓட்டெடுப்பு நடக்கும். சில இடங்களில் வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போடுவது, அது பிரைமரி. சில இடங்களில் ஊர்க்கூட்டம் போல ஒரே நேரத்தில் கூடிப் பேசி முடிவு சொல்வது, அது காக்கஸ். இதன் வழியாக மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்வாவார்கள். அந்தப் பிரதிநிதிகள் கோடைக்கால மாநாட்டில் கூடி வேட்பாளரை முடிவு செய்வார்கள். ஆக மக்கள் ஓட்டு ஒரு கணக்கு, பிரதிநிதிகள் எண்ணிக்கை இன்னொரு கணக்கு. இந்த இடைவெளி பின்னால் முக்கியமாகப்போகிறது.

ரான் பால் பிரசவ மருத்துவர். பல ஆண்டுகள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 1988-ல் லிபர்டேரியன் கட்சி சார்பில் ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றவர். பிறகு குடியரசுக் கட்சிக்குள் இருந்தே 2008, 2012 தேர்தல்களில் இறங்கினார். வரி குறைய வேண்டும், அரசு சுருங்க வேண்டும், கருக்கலைப்பு கூடாது, ஃபெடரல் ரிசர்வ் வங்கியே வேண்டாம் என்பவர். இதுவரை கேட்டால் அசல் பழமைவாதிதான். ஆனால் 2002-ல் ஈராக் போர்த் தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி சபை உறுப்பினர்கள் மொத்தமே 6 பேர். அதில் இவர் ஒருவர். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

2007 மே மாதம், தென் கரோலினாவில் வேட்பாளர்கள் விவாதம். அமெரிக்கா மத்திய கிழக்கில் தலையிட்டதற்கும் செப்டம்பர் 11 தாக்குதலுக்கும் தொடர்பு உண்டு என்ற பொருளில் ரான் பால் பேசினார். தாக்குதல் நடந்தபோது நியூயார்க் மேயராக இருந்த ரூடி ஜூலியானி, இப்படி ஒரு விளக்கத்தைக் கேட்டதே இல்லை, பேச்சைத் திரும்பப் பெறுங்கள் என்றார். அரங்கம் கைதட்டியது. ரான் பால் பின்வாங்கவில்லை. அன்றைக்கு ஜூலியானிதான் நாடளவிலான கருத்துக்கணிப்புகளில் முன்னணி. மனுஷன் கதை அன்றோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. அந்த வருஷம் நவம்பர் 5-ம் தேதி ஆதரவாளர்கள் இணையம் வழியாக ஒரே நாளில் 40 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். டிசம்பர் 16-ல், பாஸ்டன் தேநீர் விருந்து நினைவுநாளில், சுமார் 60 லட்சம். 2008 ஜனவரியில் அயோவா காக்கஸ் முடிவு வந்தபோது ரான் பாலுக்கு 10 சதவீதம். அந்த மாநிலத்தில் அதிகம் மெனக்கெடாத ஜூலியானிக்கு 4 சதவீதத்தைத் தொடவே திணறல். ஒரு பிரதிநிதிகூட கிடைக்காமல் அந்த மாதமே ஜூலியானி போட்டியை விட்டு விலகினார்.

இந்த இரண்டு தேர்தல்களிலும் வாக்காளர்களுக்குள் நடந்த வாதத்தை நான் நாலு குரலாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் குரல்: "கொள்கை எல்லாம் சரிங்க, நவம்பர்ல ஜனநாயகக் கட்சியைத் தோற்கடிக்க இவரால முடியுமா?" இது கணக்குப் பார்க்கிற குரல்.

இரண்டாவது குரல்: "பொதுத்தேர்தல்ல கணக்குப் பார்க்கலாம். கட்சிக்குள்ள நடக்குற தேர்தல்லயும் மனசுல உள்ளதைச் சொல்லலேன்னா வேற எங்க சொல்றது?"

மூன்றாவது குரல் அடிப்படையையே கேட்டது. "செலவைக் குறைன்னு சொல்றவன் போர்ச் செலவை மட்டும் ஏன் விட்டுடணும்? யார் உண்மையான பழமைவாதி?" இளைஞர்களை இழுத்தது இதுதான் என்று நினைக்கிறேன். 2012 அயோவாவில் 30 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இவர் பக்கம்.

நான்காவது குரலை ஆதரவாளர்கள் கேட்க விரும்பவில்லை. 1980, 90-களில் அவர் பெயரில் வெளிவந்த செய்திமடல்களில் கறுப்பினத்தவரைப் பற்றியும் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றியும் மோசமான வரிகள் இருந்தன. தான் எழுதவில்லை என்றார் ரான் பால். சொந்தப் பெயரில் வந்ததைக் கவனிக்காதவர் நாட்டை எப்படிக் கவனிப்பார் என்பது நியாயமான கேள்வி. அதை வெறும் அவதூறு என்று தள்ளிவிட முடியாது.

இப்போது 2012-க்கு வருவோம். அயோவாவில் முதல் இரவு மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். சரிபார்த்த பிறகு ரிக் சாண்டோரம் 34 ஓட்டு முன்னால் இருந்தார். ரான் பால் 21 சதவீதத்தோடு மூன்றாவது. ஆனால் அந்த இரவின் எண்ணிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. கவுண்டி மாநாடு, மாவட்ட மாநாடு, மாநில மாநாடு என்று படிப்படியாகத்தான் பிரதிநிதிகள் தேர்வாவார்கள். மற்றவர்களின் ஆட்கள் வீட்டுக்குப் போனபோது ரான் பாலின் ஆட்கள் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். விளைவு, ஆகஸ்டில் டாம்பா மாநாட்டில் அயோவாவின் 28 வாக்குகளில் 22 ரான் பாலுக்கு! மூன்றாவதாக வந்தவருக்கு முக்கால் பங்குக்கு மேல்.

இது நியாயமா? விதிப்படி சரி. ஆனால் ஜனவரி குளிரில் வந்து சாண்டோரத்துக்கோ ராம்னிக்கோ ஓட்டுப் போட்டவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கட்சியும் சும்மா இருக்கவில்லை. டாம்பாவிலேயே மேய்ன் மாநிலத்தின் ரான் பால் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினரை மாற்றினார்கள். கோபத்தில் வெளிநடப்பு நடந்தது. அடுத்த தேர்தலுக்குள் பிரதிநிதிகளை மக்கள் ஓட்டோடு கட்டும்படி விதியும் வந்தது. ஓட்டையைக் கண்டுபிடித்தவனுக்கு ஒருமுறை லாபம், அப்புறம் ஓட்டை அடைபடும்.

மொத்தக் கணக்கு இது: 2012-ல் அவர் வாங்கியது சுமார் 20 லட்சம் ஓட்டு. மக்கள் ஓட்டில் எந்த மாநிலத்திலும் முதலிடம் இல்லை. இதோடு நிறுத்தினால் முதல் குரல்தான் ஜெயித்தது என்று சொல்ல வேண்டும்.

நிறுத்த முடியாததற்குக் காரணங்கள் உண்டு. 2010-லேயே மகன் ரேண்ட் பால் செனட்டுக்குப் போய்விட்டார். 2012 ஜூலையில் ஃபெடரல் ரிசர்வைத் தணிக்கை செய்யும் ரான் பாலின் மசோதா பிரதிநிதிகள் சபையில் 327-க்கு 98 என்று நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது 2016 பிப்ரவரி. அதே தென் கரோலினா, இன்னொரு விவாத மேடை. ஈராக் போர் பெரிய தவறு என்று டொனால்ட் டிரம்ப் அடித்துச் சொன்னார். அரங்கத்தில் எதிர்ப்புக் கூச்சல். ஒரு வாரம் கழித்து அந்த மாநிலத்தை அவர்தான் ஜெயித்தார். தந்தையின் கொள்கை வாரிசான ரேண்ட் பால் அயோவாவில் 5 சதவீதம்கூட எடுக்காமல் அதற்கு முன்பே விலகியிருந்தார்.

அந்த வெற்றிக்கு ஈராக் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2007-ல் பேச முடியாததாக இருந்தது 2016-ல் பேசலாம் என்று ஆகியிருந்தது. இடையில் போரும் அலுத்துப்போனது, ரான் பாலுக்கு விழுந்த ஓட்டும் ஒரு சேதி சொன்னது. வழியைத் திறந்தவர் ஒருத்தர், அதில் நடந்து போனவர் இன்னொருத்தர். போனவர் ரான் பாலின் சிக்கனத்தையும் சுதந்திர வர்த்தகத்தையும் கூடவே எடுத்துப் போகவில்லை. காப்பு வரியைக் கொண்டுவந்தார், கடன் கூடியது.

அதனால்தான் இப்படிப்பட்ட வேட்பாளரைப் பற்றி யாராவது வாதாடும்போது "ஜெயிப்பாரா?" என்ற கேள்வி எனக்குப் போதாததாகப் படுகிறது. நான் கேட்பது மூன்று. இவர் சொல்வதை வேறு பெரிய வேட்பாளர் யாராவது சொல்கிறாரா? சொல்கிறார் என்றால் இவருக்குப் போடும் ஓட்டு புதிதாக எதையும் சொல்லாது. அந்த மாநில விதி இந்த ஓட்டைப் பிரதிநிதிகளாக மாற்றுமா? மூன்றாவது, கொஞ்சம் சங்கடமான கேள்வி: இந்தக் கருத்தை நாளைக்கு வேறொருத்தர் பாதி மட்டும் எடுத்துக்கொண்டு போனால், அந்தப் பாதி எதுவாக இருந்தால் எனக்குச் சம்மதம்? ரான் பாலுக்குப் போட்ட அந்த 20 லட்சம் பேரில் எத்தனை பேர் இந்த மூன்றாவதை யோசித்திருப்பார்கள்?