நண்பகலில் பறந்து போகும் உரம்

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கல்லணையைத் தாண்டி, காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரிந்து தஞ்சை வயல்களில் ஏறி நிற்கும் காலத்தில், நடவு முடிந்து பத்து நாளான ஒரு வயலுக்கு நீங்கள் இருமுறை சென்று பாருங்கள். விடியற்காலையில் நீர் அசைவற்றுக் கிடக்கும். பகல் இரண்டு மணிக்குப் பார்த்தாலோ, அடியில் படர்ந்த பாசியிலிருந்து சிறு சிறு குமிழிகள் மேலெழுந்தபடி இருக்கும். ஆனால் இவ்விரு வேளைகளுக்கும் இடையே அந்நீரில் நடந்திருக்கும் பெரிய மாறுதல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் மாணவர் ஒருவர், உழவர் வீட்டுப் பிள்ளை, ஒருநாள் கேட்டார்: “சார், அப்பா தண்ணி நிக்கிற வயல்லதான் யூரியா விசிறினார். மழை பெய்யலை, மடையும் உடையலை. ஆனா பயிர் பச்சை பிடிக்கவே இல்லை. உரம் எங்கே போச்சு?” நான் இயற்பியல் ஆசிரியன். எனினும் இதற்கு விடை அவருடைய வேதியியல் பாடப்புத்தகத்திலேயே, ‘வலிமை குறைந்த அமிலங்கள்’ என்ற பகுதியில் இருந்தது. தேர்வுக்காக அவர் அதை மனப்பாடமும் செய்திருந்தார்!

அமிலம் என்பது நீரில் ஹைடிரஜன் அயனியைக் கொடுக்கும் பொருள். ஹைடிரோகுளோரிக் அமிலம் நீரில் விழுந்ததும் ஏறக்குறைய முழுவதும் பிரிந்துவிடுகிறது. மோரில் உள்ள லாக்டிக் அமிலம் அப்படியன்று. அதன் மூலக்கூறுகளில் சில பிரிகின்றன. பிரிந்தவற்றில் சில மீண்டும் சேர்கின்றன. பிரியும் வேகமும் சேரும் வேகமும் ஒன்றாகும்போது சமநிலை ஏற்படுகிறது. அந்நிலையில், பிரிந்து வந்த இரு பொருள்களின் செறிவுகளைப் பெருக்கி, பிரியாமல் எஞ்சிய அமிலத்தின் செறிவால் வகுத்தால் ஒரு மாறாத எண் கிடைக்கும். இதுவே பிரிகை மாறிலி.

லாக்டிக் அமிலத்துக்கு இம்மாறிலி 1.4 × 10⁻⁴. ஒரு லிட்டர் தூய நீரில் 9 கிராம், அதாவது 0.1 மோல், கரைப்பதாகக் கொள்வோம். பிரிந்தது ‘ப’ மோல் என்றால்,

ப × ப ÷ (0.1 − ப) = 1.4 × 10⁻⁴

இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் ப = 0.0037. ஆயிரம் மூலக்கூறுகளில் 37 மட்டுமே பிரிந்துள்ளன! பி.எச். என்பது ஹைடிரஜன் அயனிச் செறிவின் மடக்கையைக் குறி மாற்றி எழுதுவது. இக்கரைசலுக்கு அது 2.4. (உண்மையான மோரில் புரதங்களும் உப்புகளும் ஹைடிரஜன் அயனிகளில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வதால் பி.எச். 4-க்கு மேலேயே நிற்கிறது. அது மோர் குடிப்பவர்களின் நல்ல காலம்.)

இனி வயலுக்கு வருவோம். யூரியாவை மண்ணிலும் நீரிலும் உள்ள யூரியேஸ் என்னும் நொதி சில நாட்களில் சிதைக்கிறது. அப்போது தோன்றும் அம்மோனியம் அயனியைத்தான் பயிர் வேரால் உறிஞ்சுகிறது. இந்த அம்மோனியம் அயனியும் ஓர் அமிலம். லாக்டிக் அமிலத்தைக் காட்டிலும் மிக மிக வலிமை குறைந்த அமிலம்.

அம்மோனியம் அயனி ⇌ அம்மோனியா + ஹைடிரஜன் அயனி

இதன் பிரிகை மாறிலி 25 டிகிரி செல்சியஸில் 5.7 × 10⁻¹⁰. வெப்பம் ஏறினால் மாறிலியும் ஏறும். 35 டிகிரியில் அது ஏறத்தாழ இருமடங்காகி 1.1 × 10⁻⁹ ஆகிறது. டெல்டாவின் குறுவைப் பகலில் தேங்கிய நீரின் வெப்பம் 35 டிகிரியைத் தொடுவது அரிதன்று. ஆகவே இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்வோம்.

மாறிலியை ஹைடிரஜன் அயனிச் செறிவால் வகுத்தால், அம்மோனியாவுக்கும் அம்மோனியம் அயனிக்கும் உள்ள விகிதம் கிடைத்துவிடும். பி.எச். 7 ஆனால் விகிதம் 0.011, நூற்றில் ஒன்றுதான் அம்மோனியா. பி.எச். 8 ஆனால் நூற்றில் 10. பி.எச். 9 ஆனால் நூற்றில் 52! அம்மோனியம் அயனி மின்னேற்றம் உடையது. நீரை விட்டு வெளியேறாது, களிமண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். அம்மோனியாவோ வாயு. காற்று வீசினால் போய்விடும். போன பங்கை ஈடுசெய்யச் சமநிலை மேலும் சிறிது அம்மோனியம் அயனியைப் பிரிக்கும், அதுவும் போய்விடும்.

வயல் நீரின் பி.எச். 9-ஐ எட்டுமா என்று நீங்கள் ஐயுறலாம். எட்டும். சில வயல்களில் நண்பகலில் அதையும் தாண்டும். அதற்குக் காரணம் மற்றொரு வலிமை குறைந்த அமிலம். கரியமில வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, ஹைடிரஜன் அயனியாகவும் பைகார்பனேட் அயனியாகவும் பிரிகிறது. இதன் மாறிலி 4.4 × 10⁻⁷ அளவு. நீரில் பைகார்பனேட் லிட்டருக்கு 2 மில்லிமோல் இருப்பதாகவும், இரவெல்லாம் மண்ணும் நுண்ணுயிர்களும் விட்ட மூச்சால் விடியலில் கரியமில வாயு 0.4 மில்லிமோல் சேர்ந்திருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஹைடிரஜன் அயனிச் செறிவு 8.8 × 10⁻⁸, பி.எச். ஏறத்தாழ 7. வெயில் ஏறியதும் பாசி ஒளிச்சேர்க்கை செய்து கரியமில வாயுவை உண்ணத் தொடங்குகிறது. அது நூற்றில் ஒரு பங்காகக் குறைந்தால் பி.எச். இரண்டு அலகு ஏறி 9 ஆகிவிடும். நாம் கண்ட குமிழிகள், அவ்வொளிச்சேர்க்கையில் வெளிப்பட்ட ஆக்சிஜன்.

இங்கு கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு அம்மோனியா மூலக்கூறும் வெளியேறும்போது ஒரு ஹைடிரஜன் அயனியை நீரில் விட்டுச் செல்கிறது. அவை சேரச் சேர பி.எச். இறங்கி, இழப்பு தானாகவே நின்றிருக்க வேண்டும். நிற்பதில்லை, ஏனெனில் பைகார்பனேட் அந்த அயனிகளை ஏற்று மீண்டும் கரியமில வாயுவாகிறது. அதையும் பாசி உண்டுவிடுகிறது! யூரியா சிதையும்போதே பைகார்பனேட்டும் உண்டாவதால், உழவர் இட்ட உரமே தன் இழப்புக்கு வழி செய்கிறது. மிக்கல்சன், டே தத்தா, ஒப்செமியா ஆகிய மூவர் நெல் வயல்களில் இந்த இழப்பைப் பற்றிய ஆய்வை 1978-இல் வெளியிட்டனர். சூழ்நிலை மோசமானால் இட்ட நைட்டிரஜனில் பாதிகூட இவ்வழியில் போய்விடும். 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்டிரஜன் 20.7 கிலோ. மூன்றில் ஒரு பங்கு பறந்தாலே, 15 கிலோ யூரியாவைக் காற்றுக்கு இட்டதாகக் கணக்கு.

மாணவரின் அடுத்த கேள்வி: “அப்போ சாயங்காலம் போட்டா சரியாயிடுமா?” ஆகாது. யூரியா ஓரிரவில் சிதைந்து முடிவதில்லை. மறுநாள் நண்பகல் வந்தே தீரும். வேளையைவிட, வயலில் தண்ணீர் நிற்கிறதா என்பதே முக்கியம். நீரை வடித்துவிட்டு, யூரியாவைச் சேற்றில் இட்டுக் கலந்து, பிறகு தண்ணீர் கட்டினால், பிறக்கும் அம்மோனியம் அயனி களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். பாசி ஆட்சி செய்யும் மேல்நீருக்குக் குறைவாகவே வரும். கடைமடையில், வடித்த நீர் திரும்பி வருமா என்று தெரியாத உழவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை நான் அறிவேன். அவருக்கு, உரத்தைப் பலமுறையாகப் பிரித்து இடுவதாவது உதவும்.

2015-இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மைய அரசு ஆணையிட்டது. ‘வேம்பு இருக்க இழப்பேது?’ என்று சிலர் நினைக்கின்றனர். வேம்பு தடுப்பது முக்கியமாக அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை. நாம் இங்கு பேசும் இழப்பு அதற்கு முன்னமே நிகழ்வது; அதற்கு வேம்பு காவல் அன்று.

நிழல் நல்ல காவல். அசோலா நீரை மூடிப் படர்ந்தால் பாசிக்கு வெயில் கிட்டாது, பி.எச். அவ்வளவு ஏறாது. பயிரே தூர் கட்டி அடர்ந்துவிட்டாலும் இதே பலன் கிடைக்கும். பின்னாளில் இடும் மேலுரம் நடவுக்குப் பின் உடனே இடும் உரத்தைவிடக் குறைவாக வீணாவது இதனால்தான்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து நான்கைந்து பி.எச். தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள். பாசி படர்ந்த ஒரு வயலில், விடியலில் ஒன்றும் பகல் இரண்டு மணிக்கு ஒன்றும் நனைத்து, நிறங்களை அட்டையோடு ஒப்பிடுங்கள். அதே வேளையில், பயிர் அடர்ந்த பக்கத்து வயலிலும் நனைத்துப் பாருங்கள். கிடைத்த எண்களை மேற்கண்ட விகிதத்தில் இட்டால், அன்று அவ்வயலில் யூரியா விசிறியிருந்தால் நூற்றில் எத்தனை பங்கு பறக்கத் தயாராக இருந்திருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுவிடலாம்.