இரைச்சலுக்குள் ஒரு சோகப் பாட்டு

பின்லாந்தின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கிறது ரோவனியேமி. கிறிஸ்துமஸ் தாத்தாவின் சொந்த ஊர் என்று பெயர் வாங்கி, உலகெங்கிலுமிருந்து குழந்தைகளோடு வரும் குடும்பங்களை வரவேற்கும் நகரம். 1989-இல் அதே ஊர் இளைஞர்கள் சிலர் ‘பெஹெரிட்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். 1993-இல் அவர்கள் வெளியிட்ட ‘டிராயிங் டவுன் தி மூன்’ ஆல்பத்தை, மெட்டல் இசையின் ஒரு கிளையான பிளாக் மெட்டலின் ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்கிறார்கள்.

முதல் தடவை கேட்பவருக்கு அது இசையாகவே படாது. கிட்டார் அடிவயிற்றில் உறுமுகிறது. பாடகர் மார்கோ லைஹோவின் குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து முணுமுணுப்பதுபோல வருகிறது. நடுநடுவே கீபோர்டு மட்டும் நீளமாக ஒலித்து அடங்குகிறது. நார்வேயின் பிளாக் மெட்டல் குழுக்கள் வேகத்தையும் கூர்மையான, மெல்லிய கிட்டார் ஒலியையும் நம்பியிருந்த காலத்தில் இவர்கள் பல இடங்களில் நிதானமாக, கனமாக வாசித்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் லைஹோ கிட்டாரை ஓரம் வைத்துவிட்டு, அதே பெஹெரிட் பெயரில் எலக்ட்ரானிக் ஆல்பங்கள் இரண்டைக் கொண்டுவந்தார். இந்தத் துணிச்சலைப் பின்லாந்துக்காரர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

பிளாக் மெட்டல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நார்வேயும், அங்கே எரிக்கப்பட்ட தேவாலயங்களும், 1993-இல் ஆஸ்லோவில் நடந்த கொலையும்தான். அந்தச் செய்திகளின் பரபரப்பில் பக்கத்து நாடான பின்லாந்தின் இசை வெகுகாலம் வெளியே தெரியாமல் இருந்தது. ஆனால் ஔலு நகரத்தில் ‘இம்பேல்டு நஸரீன்’, துர்க்குவில் ‘ஆர்ச்கோட்’, ரஷ்ய எல்லைக்கு அருகே லாப்பேன்ரந்தாவில் ‘ஹோர்னா’ என்று ஊருக்கு ஒரு குரலாக அது வளர்ந்துகொண்டிருந்தது. இம்பேல்டு நஸரீன் 1993-இல் வெளியிட்ட ஓர் ஆல்பத்தின் பெயர் ‘உக்ர கர்மா’. நம் ஊர்ச் சொல் அங்கேயும் போயிருக்கிறது!

இந்த இசை எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் கேட்பது எளிதாகிவிடும். டிரம்ஸில் ‘பிளாஸ்ட் பீட்’ என்றொரு முறை உண்டு. ஸ்னேர், பேஸ் டிரம், சிம்பல் எல்லாவற்றையும் இடைவெளியே இல்லாமல் அதிவேகத்தில் அடிப்பது. அந்த வேகத்தில் காது தாளத்தை எண்ணுவதை விட்டுவிடுகிறது; அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே பரப்பாகிவிடுகின்றன. கிட்டாரிலும் இதேதான் நடக்கிறது. ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாக விடாமல் மீட்டும்போது, தந்தியைத் தட்டும் ஒலி மறைந்து, வில் போட்டு இழுத்ததுபோன்ற நீண்ட நாதம் பிறக்கிறது. இந்த இரண்டுக்கும் மேலே மெட்டு மிக மெதுவாக நகர்கிறது. கை எவ்வளவு வேகமோ, பாட்டு அவ்வளவு நிதானம். அலறும் குரலுக்குச் சுருதி கிடையாது. ஆகவே பாடகர் சுமக்க வேண்டிய மெட்டு முழுவதையும் கிட்டாரே சுமக்கிறது.

பின்லாந்தின் தனித்தன்மை அந்த மெட்டில்தான் இருக்கிறது. ஹோர்னாவின் கிட்டார் கலைஞர் ஷட்ராக், ‘சார்கைஸ்ட்’ என்ற இன்னொரு குழுவையும் நடத்துபவர். 2010-இல் வந்த அதன் ‘லெட் தி டெவில் இன்’ ஆல்பத்தைக் கேளுங்கள். ஒலிப்பதிவு கரடுமுரடானது, அலறல் தொண்டையைக் கிழிக்கிறது. அதற்குள் ஓடும் கிட்டார் மெட்டுகளோ மனத்தைப் பிசைகிற அழகு கொண்டவை. அவற்றைத் தனியே பிரித்து வயலினில் வாசித்தால் இரங்கற்பாட்டு என்றே நினைப்போம்.

இந்தச் சோகம் மெட்டலோடு வந்ததல்ல. அர்ஜென்டினாவின் டாங்கோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பின்லாந்துக்குப் போனது. பின்லாந்துக்காரர்கள் அதை மைனர் ஸ்கேலில் தோய்த்து, கிடைக்காத காதலையும் எட்டாத நிலத்தையும் பாடும் பாட்டாக மாற்றிக்கொண்டார்கள். உன்டோ மோனோனென் 1955-இல் எழுதிய ‘சதுமா’ அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாடல். செய்னாயோகி நகரத்தில் 1985 முதல் டாங்கோவுக்கென்றே கோடைவிழா நடக்கிறது. கர்நாடக இசை பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு: இயல்பான மைனர் ஸ்கேலின் ஸ்வரங்கள் நடபைரவியின் ஸ்வரங்களேதான். தாத்தா நடனக்கூடத்தில் கேட்ட ஏக்கம் பேரனின் கிட்டாரில் ஓலமாக வெளிவருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மொழிக்கும் பங்கு உண்டு. ஹோர்னா பெரும்பாலும் பின்னிஷ் மொழியிலேயே பாடுகிறது. நம் மொழியைப் போலவே அதிலும் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும், ஒற்று இரட்டிக்கும். பின்னிஷில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். ஆகவே அலறலில்கூட ஒரு நடை கேட்கிறது. சொல் புரியாவிட்டாலும் செய்யுள் ஓட்டம் காதில் விழும்.

இவ்வளவு இசை அந்தச் சின்ன நாட்டில் எப்படி விளைந்தது? மக்கள்தொகை 56 லட்சம்தான். குளிரும் இருட்டும் காரணம் என்பார்கள். வடக்கே உட்ஸ்யோகியில் குளிர்காலத்தில் ஏறத்தாழ 50 நாள் சூரியன் உதிப்பதே இல்லை என்பது உண்மை. ஆனால் இருட்டு யாருக்கும் கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொடுக்காது. அரசு மானியம் பெறும் இசைப்பள்ளிகள் நாடெங்கும் இருக்கின்றன. பல ஊர்களில் உள்ளாட்சி நடத்தும் இளைஞர் மையங்களில் பையன்களும் பெண்களும் பயிற்சி செய்ய இடம் கிடைக்கிறது. இந்த இசையின் நிஜமான வேர் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த தலைமுறை இதை எங்கே கொண்டுபோயிருக்கிறது என்பதற்குத் தாம்பரே நகரத்தின் ‘ஒரான்ஸி பசூசு’ சாட்சி. 2007-இல் தொடங்கிய இந்தக் குழு பிளாக் மெட்டலோடு சைகடெலிக் ராக்கையும் சின்தசைசரையும் கலக்கிறது. ‘வாராத்தெலியா’ (2016), ‘மெஸ்தாரின் கின்ஸி’ (2020) ஆல்பங்களில் ஒரே இசைத்துணுக்கு சுழன்று சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் சற்றே கோணம் மாறி, இறுதியில் வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. அதைப் பாதியில் நிறுத்த என்னால் முடிந்ததில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாத்தானைப் பற்றிய வரிகளை லுத்தரன் தேவாலயத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளைகளின் கலகமாக நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வட்டாரத்தில் சில குழுக்கள் நாஜிச் சின்னங்களையும் இனவெறியையும் கையில் எடுத்தன. அது கலகம் அல்ல. மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்களுக்கு நம் காசும் நேரமும் போகக் கூடாது. ஒரு குழுவின் பெயர் புதிதாக இருந்தால், ஆல்பத்தை வாங்குமுன் அவர்கள் என்ன பேசியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

புதிதாக நுழைபவர்கள் ஒரான்ஸி பசூசுவில் தொடங்கலாம். பிறகு சார்கைஸ்ட், கடைசியாகப் பெஹெரிட். கைப்பேசி ஸ்பீக்கரில் வேண்டாம். நல்ல ஹெட்போனில், ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து முடிவு வரை கேளுங்கள். குரலை விட்டுவிட்டு கிட்டாரைப் பின்தொடருங்கள்.