யுனெஸ்கோ பட்டியலும் விறகு அடுப்பும்

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைக்கு உலக அங்கீகாரம் இரண்டு முறை வந்தது. 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது பொதிகைச் சரிவில் உள்ள களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகமும் அதில் இருந்தது. 2016-ல் பொதிகையை உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் இடம்பெற்றது. இவற்றால் காட்டுக்கு என்ன லாபம்?

பணம் பெரிதாக வருவதில்லை. சட்டமும் வனக்காவலர் சம்பளமும் நம் அரசுடையவை. ஆனால் நாளை அணை, சுரங்கம் என்று எதுவும் கிளம்பினால், அரசு உலகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அது நல்ல பிடிமானம். குறையும் உண்டு. 2012-ல் யுனெஸ்கோவின் ஆலோசனை அமைப்பான ஐ.யு.சி.என். உலகப் பாரம்பரிய விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கவே பரிந்துரைத்தது. உள்ளூர் மக்களை, பழங்குடிகளை இன்னும் கலந்து பேச வேண்டும் என்றது. அதை மீறித்தான் அறிவிப்பு வந்தது. காரையாறு, மயிலார் காணிப் பழங்குடி மக்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இந்தப் பட்டியல்களுக்கு முன்பே, மலை அடிவாரத்தில் வேலை நடந்தது 1990-களில், உலக வங்கி உதவியோடு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில்தான். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மலையையே நம்பியிருந்த ஊர்கள் பல. தலைச்சுமை விறகை மறித்து வழக்குப் போட்டால் அடுப்பு எரியுமா? கிராம வனக் குழுக்கள் வழியே கறவை மாட்டுக்கும் சிறு கடைக்கும் கடன் தந்தார்கள். சாண எரிவாயு அடுப்பு வந்தது. திரும்பிய கடன் குழுவிலேயே தங்கி அடுத்த குடும்பத்துக்குப் போனது. காட்டுக்குள் விறகு வெட்டு குறைந்தது. இத்தகைய திட்டங்களின் பலவீனம், அவற்றுக்குக் கெடு உண்டு என்பதே. வெளிப்பணம் நின்ற பிறகும் கைகொடுத்தது அந்தச் சுழல்நிதிதான்.

சமவெளியிலும் இதே கதைதான். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவிப்பு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் விரட்டுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் அனுபவம். குளத்துக்கு மணிமுத்தாற்றுத் தண்ணீர் வராத ஆண்டில் எந்தப் பட்டியலும் பறவையைக் கூட்டி வராது.

எனவே அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு: கூந்தன்குளத்துக்குப் பருவத்தில் தண்ணீர் திறந்துவிடுங்கள். அடுத்த பன்னாட்டுத் திட்டத்தைக் காணி மக்களின் கிராம சபையில் வைத்து, அவர்கள் சம்மதம் பெற்ற பிறகே கையெழுத்திடுங்கள்.