ஒன்பதா, பத்தா? எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஏற்ற கம்பி

பாலக்கோட்டிலிருந்து ரயிலேறிப் பெங்களூரு போய் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வரவழைத்தாலும் சரி, பொருந்தாத கம்பி செட் வந்து சேர்ந்தால் பணமும் நாளும் வீண். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. கம்பி தடிமனாக இருப்பதால் விரல் நோகிறது என்பது தெரியாமல், ‘நமக்குக் கிட்டார் வராது’ என்று முடிவுகட்டிவிடுவது. அதனால் வாங்கும் முன் கேஜ் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

கேஜ் என்பது கம்பியின் தடிமன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கிறார்கள். ‘ஒன்பது செட்’ என்றால் மிக மெல்லிய முதல் கம்பி 0.009 அங்குலம், ஆறாம் கம்பி 0.042. ‘பத்து செட்’டில் இவை 0.010, 0.046. கடைகளில் அதிகம் விற்பவை இந்த இரண்டும்தான்.

ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே 0.025 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஒரே சுருதியில் நிற்க வேண்டுமானால், கம்பியின் இழுவிசை தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஃபெண்டர் வகைக் கிட்டாரில் ஒன்பது செட்டின் முதல் கம்பி ஏறக்குறைய 6 கிலோ இழுவையில் நிற்கிறது; பத்து செட்டில் அது 7.3 கிலோ. கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல்.

விரலால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்தும் ‘பெண்டிங்’கில்தான் இந்தச் சுமை நன்றாகத் தெரியும். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ், இரட்டைக் கம்பிகள் கொண்ட வழக்கமான மாண்டலினை விட்டு, ஒற்றைக் கம்பிகள் ஐந்து பூட்டிய எலக்ட்ரிக் மாண்டலினில் கமகங்களைக் கொண்டுவந்தார். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, எலக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிறார். இழைவும் அசைவும் மிகுந்த வாசிப்பில் மனம் போகிறவர்கள் ஒன்பதில் தொடங்கலாம். பலமாக அடித்து ரிதம் வாசிப்பவருக்குப் பத்து செட் அசையாமல் நின்றுகொடுக்கும்.

அடுத்து, உங்கள் கிட்டாரைப் பாருங்கள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள நீளம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் 25.5 அங்குலம், லெஸ் பால் வகையில் சுமார் 24.75. நீளம் குறைந்ததில் அதே செட் ஆறு சதவீதம் தளர்வாக இருக்கும். சுருதியும் கணக்கில் வரும். பாடகருக்காக ஒரு முழு டோன் இறக்கி வைத்தால், பத்து செட் கைக்கு ஒன்பது செட் போலவே ஆகிவிடும். எப்போதும் இறக்கியே வாசிப்பவர் பத்தோ பதினொன்றோ வாங்குவது நல்லது.

‘மெல்லிய கம்பி என்றால் ஒலியும் மெலியும்’ என்று சொல்வார்கள். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் அரை டோன் இறக்கி, 13 கேஜ் பூட்டி வாசித்தார். இசட்இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் வாசிப்பதோ 7 கேஜில். அவர் ஒலியை மெலிந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த எர்னி பால், மாணவர்கள் தடித்த மூன்றாம் கம்பியோடு திணறுவதைப் பார்த்து, 1960களின் தொடக்கத்தில் மெல்லிய செட்டுகளைக் கொண்டுவந்தார். குறை மாணவர்களின் விரலில் இல்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது.

கேஜ் மாற்றினால் கிட்டாரையும் சரிபார்க்க வேண்டும். ஒன்பது செட்டின் மொத்த இழுவை ஏறக்குறைய 38 கிலோ, பத்து செட்டுக்கு 46 கிலோவுக்கு மேல். தடிமன் கூடினால் நெக் முன்னோக்கி வளையும், ஸ்பிரிங் வைத்த பிரிட்ஜ் மேலெழும். தடிமன் குறைந்தால் கம்பி ஃப்ரெட்டில் உரசலாம். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி நிற்கிறதா என்று டியூனரில் பாருங்கள்.

கடைசியில் தீர்ப்பு உங்கள் கையுடையது. மூன்றாம் கம்பியை ஏழாம் ஃப்ரெட்டில் பிடித்து, ஒன்பதாம் ஃப்ரெட்டின் சுரம் வரும்வரை தள்ளிப் பாருங்கள். சில வாரப் பயிற்சிக்குப் பிறகும் எட்டவில்லை என்றால் ஒரு கேஜ் இறங்குங்கள். சும்மா கார்டு பிடிக்கும்போதே சுருதி ஏறிவிடுகிறது என்றால் ஒரு கேஜ் ஏறுங்கள்.