இளங்குதிரைப் பயிற்சியும் காட்டுவழிச் சவாரியும்

இளங்குதிரைப் பயிற்சி என்பது மனிதரைச் சுமந்து பழகாத இளம் குதிரையைச் சேணம், கடிவாளம், சவாரி செய்பவரின் எடை, அவர் தரும் சைகைகள் ஆகியவற்றுக்குப் படிப்படியாகப் பழக்குவதாகும். அவ்வாறு பழகிய குதிரையில் காடு, மலை, புல்வெளி ஆகியவற்றினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் போவது காட்டுவழிச் சவாரி. ஆங்கிலத்தில் இதனை ‘டிரெயில் ரைடிங்’ என்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், குறிப்பாக மேற்கு மாநிலங்களின் பண்ணைக் குடும்பங்களில், பதின்வயதினர் பலர் இவ்விரு வேலைகளையும் பெரியவர்களின் மேற்பார்வையில் செய்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குதிரையேற்றம் என்றாலே முதுகில் அமர்ந்து பாய்ந்து செல்வதுதான் நினைவுக்கு வரும். உண்மையில் ஓராண்டுக் குட்டியாகக் கைக்கு வரும் குதிரையின் மீது ஏறுவதற்கே இரண்டு ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் தரையில் நின்று செய்யப்படும் வேலையே பயிற்சியின் பெரும்பகுதி.

குதிரையின் இயல்பு

குதிரை ஓர் இரை விலங்கு. புலப்படாத ஆபத்திலிருந்து ஓடித் தப்புவதே அதன் முதல் உள்ளுணர்வு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் அது ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தைப் பார்க்க முடியும். மூக்கின் நுனிக்கு நேர் முன்னும், வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகள் மட்டும் அதன் பார்வையில் படுவதில்லை. பின்புறமாக ஓசையின்றி வருபவரை அது உதைப்பது கோபத்தால் அல்ல. வந்தது யார் என்று தெரியாததால்தான். எனவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே அணுக வேண்டும் என்பது எந்தப் பண்ணையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படும் முதல் விதி.

குதிரை கற்கும் முறையும் இந்த இயல்பை ஒட்டியதே. பயிற்சியாளர் கயிற்றை இலேசாக இழுத்துப் பிடிக்கிறார். குதிரை ஓரடி முன்வைத்த அதே நொடியில் கயிற்றைத் தளர்த்துகிறார். இழுப்பு ஒரு கேள்வி மட்டுமே, தளர்வுதான் பாடம். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். குதிரை தலையை உதறும்போது பயந்து கயிற்றை விட்டுவிட்டால், தலையை உதறினால் விடுதலை கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். குதிரையின் நினைவாற்றல் மிகவும் நல்லது. ஒருமுறை தவறாகக் கற்றதை மாற்ற வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

ஏறும் வயது

குதிரையின் எலும்புகள் அவற்றின் முனைகளுக்கு அருகிலுள்ள வளர்ச்சித் தட்டுகளில் வளர்கின்றன. இக்குருத்தெலும்புத் தட்டுகள் காலப்போக்கில் முழு எலும்பாக மாறி மூடிக்கொள்ளும். குளம்பை ஒட்டிய எலும்புகளில் இது முதலாண்டிலேயே முடிந்துவிடுகிறது. முன்கால் முட்டிக்கு மேலே இரண்டு அல்லது இரண்டரை வயது வரை ஆகலாம். மனிதரின் எடையை நேரடியாகத் தாங்கும் முதுகெலும்பில் ஐந்து வயதை ஒட்டியோ அதன் பின்னரோதான் நிறைவடைகிறது. உயரத்தில் வளர்ந்துவிட்டது போலத் தோன்றும் இரண்டு வயதுக் குதிரை உள்ளே இன்னும் குட்டிதான்.

பந்தயக் குதிரைகள் இரண்டு வயதிலேயே ஓடவிடப்படுகின்றன. இது சரியா என்ற விவாதம் நீண்ட காலமாக நடந்துவருகிறது. இளவயதில் அளவான ஓட்டமும் நடமாட்டமும் எலும்பை வலுப்படுத்துகின்றன என்பதும் உண்மை. குட்டியை லாயத்தில் அடைத்தே வளர்ப்பது அதற்கு நன்மை செய்யாது. ஓட்டம் வேறு, சுமை வேறு. பந்தயம் போன்ற அவசரம் எதுவும் இல்லாத குடும்பக் குதிரைக்கு, இரண்டு வயதில் சேணத்தைப் பழக்கி, மூன்று வயதில் இலேசான சவாரியைத் தொடங்கும் வழக்கமே மேலானது.

சுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. வளர்ந்த குதிரை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சிரமமின்றிச் சுமக்கும் என்பது பொதுவான அளவுகோல். ஓஹையோவில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமை 25 விழுக்காட்டையும் 30 விழுக்காட்டையும் எட்டியபோது குதிரைகளிடம் தசைவலியின் அறிகுறிகள் கூடின. 350 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு இந்த அளவுகோலின்படி வரம்பு 70 கிலோகிராம். மேற்கத்தியச் சேணம் மட்டுமே ஏறத்தாழ 15 கிலோகிராம் இருக்கலாம். எஞ்சுவது 55 கிலோகிராம். அதுவும் வளர்ந்து முடிந்த குதிரைக்கான கணக்கு. இளங்குதிரையின் முதல் சவாரிகளுக்கு வீட்டிலுள்ள மெலிந்த பதின்வயதினரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே நடைமுறைக் காரணம்.

ஆனால் எடை குறைந்தவர் அனுபவமும் குறைந்தவராக இருந்தால் ஆபத்து. பழகாத குதிரையையும் பழகாத ஆளையும் ஆங்கிலத்தில் ‘பச்சை’ என்றே குறிப்பர். பச்சையும் பச்சையும் சேர்ந்தால் கறுப்பும் நீலமும்தான் வரும் என்பது அமெரிக்கக் குதிரைக்காரர்களிடையே வழங்கும் சொலவடை. கறுப்பும் நீலமும் என்பது உடம்பில் கன்றிப்போகும் அடிகளின் நிறம்.

தரையில் தொடங்கும் பாடம்

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். இளங்குதிரையைக் கூட்டத்தினூடே நடத்திச் சென்று பலவகைக் காட்சிகளுக்கும் ஓசைகளுக்கும் பழக்க வேண்டும், அது எதையேனும் கண்டு அஞ்சினால் அடிக்காமல் அமைதிப்படுத்திக் கற்பிக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்துகிறார். அமெரிக்க மேற்கில் இதற்கு மாறாக, குதிரையைக் கட்டிப்போட்டுச் சேணம் ஏற்றி, அது துள்ளிக் களைக்கும் வரை மேலே அமர்ந்திருக்கும் முறை நெடுங்காலம் நிலவியது. சம்பளம் பெற்றுப் பல குதிரைகளை விரைவாகப் பழக்க வேண்டியிருந்தவர்களின் முறை அது. இருபதாம் நூற்றாண்டில் டாம் டோரன்ஸ் (1910–2003), அவரிடம் கற்ற ரே ஹண்ட் ஆகியோர் குதிரையின் அச்சத்தைப் புரிந்துகொண்டு பழக்கும் முறையைப் பரப்பினர். இன்று இளையோர் கற்பது பெரும்பாலும் இம்முறையின் வழிவந்ததே.

பயிற்சி வட்ட வேலிக்குள் தொடங்குகிறது. இரும்பு வாய்க்கட்டு இல்லாத, கயிறு அல்லது வாரால் ஆன ஹால்டர் எனப்படும் தலைக்கட்டு மட்டுமே முதலில் பயன்படும். அழைத்தால் வருதல், நின்றால் நிற்றல், பின்னோக்கி அடிவைத்தல், மனிதரை நெருக்காமல் தள்ளி நிற்றல் ஆகியவை தொடக்கப் பாடங்கள். உடல் முழுவதும் கையால் தடவிப் பழக்குவதும், நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடிப்பதும் தினமும் நடக்கும். லாடம் அடிப்பவரும் கால்நடை மருத்துவரும் வரும்போது இதன் அருமை தெரியும். பின்னர் தார்ப்பாய், காற்றில் படபடக்கும் பை, விரித்த குடை, குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்று புதியவை அறிமுகமாகின்றன. ஒரு பாடம் 15 அல்லது 20 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கத் தேவையில்லை. குட்டியின் கவனம் அவ்வளவுதான்; பள்ளி முடிந்து வந்த பிள்ளைக்கும் அது வசதியே.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மிரண்டு ஓடும் குதிரை கையைச் சுற்றிய கயிற்றோடு ஆளையும் இழுத்துச் சென்றுவிடும். விரல்களை இழந்தவர்களும் உண்டு. மீதிக் கயிற்றை மடித்துப் பிடிப்பதே முறை.

சேணம் ஏற்றும் நாளில் முதலில் விரிப்புத் துணி மட்டும் முதுகில் வைத்து எடுக்கப்படும். பிறகு சேணம். வயிற்று வாரை ஒரேயடியாக இறுக்காமல், சற்று இறுக்கி, நடக்கவிட்டு, மீண்டும் சற்று இறுக்குவார்கள். அப்போதும் பல குதிரைகள் துள்ளும். யாரும் மேலே இல்லாதபோது துள்ளி முடிக்கட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. அடுத்த நாள்களில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க, மற்றவர் அங்கவடியில் ஒரு காலை வைத்து எழும்பி இறங்குவார். இதை இரு பக்கமும் பலமுறை செய்த பின்னரே முதுகில் அமர்வார். முதல் சவாரி பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் அவர் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: ஒரு பக்கக் கடிவாள வாரை மட்டும் மெல்ல இழுத்துக் குதிரையின் தலையைத் தன் முழங்கால் பக்கம் வளைத்து நிறுத்துதல். தலை வளைந்த குதிரை நேராகப் பாய்வதும் துள்ளுவதும் கடினம்.

காட்டுவழியில்

சவாரிக்கு வயது வராத குட்டியும் காட்டுவழியைக் காணலாம். அனுபவமுள்ள குதிரையில் அமர்ந்தவர் குட்டியைக் கயிற்றில் உடன் கூட்டிச் செல்வார். பாலம், ஓடை, விழுந்து கிடக்கும் மரம் ஆகியவற்றை மூத்த குதிரை அமைதியாகக் கடப்பதைக் கண்டு குட்டியும் பின்தொடரும். பின்னாளில் முதுகில் ஆளைச் சுமந்து அதே பாதையில் வரும்போது பாதையாவது அதற்குப் புதிதாக இராது.

இளங்குதிரைகள் மிகவும் தயங்கும் இடம் நீர். ஓடையின் ஆழத்தைக் கண்ணால் கணிக்க இயலாததால் அவை கரையிலேயே நின்றுவிடும். அடித்து இறக்கினால் ஒரே தாவலில் ஓடையைத் தாண்டப் பார்க்கும். மேலே இருப்பவர் நீரில் கிடப்பார். கரையில் நின்று முகர்ந்து பார்க்கவும், மூத்த குதிரையைப் பின்பற்றவும் நேரம் கொடுத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

போகும்போது பயமின்றிக் கடந்த மரக்கட்டையைக் கண்டு திரும்பும்போது மிரள்வது காட்டுவழியில் அடிக்கடி நிகழ்வது. ஒரு கண்ணால் பார்த்ததை மறு கண் அறியாது என்பது இதற்குப் பழைய விளக்கம். ஒரு கண்ணால் கற்றதைக் குதிரை மறு கண்ணாலும் அறிந்துகொள்கிறது என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டின் உள்ளிட்டோர் இளங்குதிரைகளை வைத்து ஒரு சோதனை செய்தனர். குழந்தைகளின் பெரிய விளையாட்டுச் சாதனம் ஒன்றைக் குதிரைகளுக்கு நன்கு பழக்கிவிட்டு, அதைத் திருப்பி வைத்தபோது, அவை புதிய பொருளைக் கண்டது போலவே மிரண்டன. ஆகவே திரும்பும் வழியில் மிரளும் குதிரையைப் பிடிவாதக் குதிரை என்று தண்டிப்பது அநியாயம். அதன் கண்ணுக்கு அது வேறொரு கட்டை.

நடைப்பயணிகளும் மிதிவண்டியில் வருபவர்களும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது அமெரிக்கத் தடங்களில் பொதுவான மரபு. சரிவான பாதையில் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நிற்பதும், வாய்விட்டுப் பேசுவதும் உதவும். முதுகில் பெரிய பையுடன் அசையாமல் நிற்பவரைக் குதிரைக்கு மனிதராக அடையாளம் தெரிவதில்லை. குரல் கேட்டதும் புரிந்துவிடும்.

தலைக்கவசமும் குதிகால் உயர்ந்த காலணியும் கட்டாயம் வேண்டும். குதிகால் இல்லாத காலணி அங்கவடிக்குள் நழுவிச் சிக்கினால் விழுந்தவர் இழுத்துச் செல்லப்படுவார். புளோரிடா மாநிலத்தில் 16 வயதுக்குட்பட்டோர் பொதுவழிகளில் சவாரி செய்யத் தலைக்கவசம் 2009 முதல் சட்டப்படி தேவை.

மஸ்டாங் குதிரைகளும் இளையோரும்

அமெரிக்க மேற்கில் கட்டற்றுத் திரியும் குதிரைகள் மஸ்டாங் எனப்படுகின்றன. நெவாடாவைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் இவற்றைக் காக்கப் பல ஆண்டுகள் போராடினார். பள்ளிப் பிள்ளைகள் நாடாளுமன்றத்துக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதியதும் அப்போராட்டத்தின் ஒரு பகுதி. 1971-இல் இக்குதிரைகளுக்கான பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மேய்ச்சல் நிலம் தாங்கும் அளவைவிடக் குதிரைகள் பெருகும்போது, நில மேலாண்மைப் பணியகம் ஒரு பகுதியைப் பிடித்துப் பொதுமக்களுக்கு வளர்க்கக் கொடுக்கிறது. அவற்றின் கழுத்தின் இடப்பக்கத்தில் உறைகுளிர் முறையில் இடப்பட்ட வெண்ணிற அடையாளக் குறி இருக்கும். ஏற்பவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்பதால், பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பெயரில் பெறுவர். பழகாத வளர்ந்த மஸ்டாங்குக்கு வேலி 6 அடி உயரம் வேண்டும். ஓராண்டு நன்கு பராமரித்த பின்னரே உரிமைப் பத்திரம் கிடைக்கும்.

மஸ்டாங் பயிற்சிப் போட்டிகளில் இளையோருக்கெனத் தனிப் பிரிவுகள் நடத்தப்பட்டுள்ளன. அவற்றில் பதின்வயதினருக்கு ஓராண்டுக் குட்டிகள் வழங்கப்பட்டன. ஏறிக் காட்டும் போட்டியன்று அது. குட்டியைக் கயிற்றில் நடத்தித் தடைகளைக் கடக்கச் செய்ய வேண்டும்.

இதில் குதிரைக்கு உள்ள பங்கு சிறியதன்று. தொடவிடாத, காலைத் தூக்கவிடாத, வண்டியில் ஏறாத குதிரையை வாங்குவோர் குறைவு. அப்படிப்பட்டவை ஏலத்துக்கு ஏலம் கைமாறும். அமெரிக்காவில் கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்ட பின்னரும், விலைபோகாத குதிரைகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் இறைச்சிக்காக அனுப்பப்பட்டு வந்துள்ளன. நான்கு கால்களையும் அமைதியாகத் தூக்கித் தரும் குதிரைக்கு அந்த வண்டியில் ஏறும் வாய்ப்பு குறைவு.

நெடுந்தொலைவுச் சவாரி

காட்டுவழியில் தேர்ந்த சிலர் நெடுந்தொலைவுப் போட்டிகளுக்குச் செல்கின்றனர். 50 மைல் அல்லது அதற்கு மேற்பட்ட சவாரிகளில் குதிரைக்கு 5 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க நெடுந்தொலைவுச் சவாரி மாநாட்டின் விதி. இடையிடையே கால்நடை மருத்துவர்கள் நாடித்துடிப்பையும் நடையையும் சோதித்து, தேறாத குதிரையை அங்கேயே நிறுத்திவிடுவர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் 1955 முதல் நடந்துவரும் தெவிஸ் கோப்பைச் சவாரியில் 100 மைல்களை 24 மணி நேரத்தில் கடக்க வேண்டும். அதில் குதிரைக்குக் குறைந்தது 6 வயதும், சவாரி செய்பவருக்கு 12 வயதும் ஆகியிருக்க வேண்டும். சிறார் ஒரு பெரியவரின் துணையோடுதான் செல்லலாம். 12 வயதில் ஓராண்டுக் குட்டியைக் கயிற்றில் பிடித்துப் பழக்கத் தொடங்கும் ஒருவர், அதே குதிரையுடன் அந்தத் தடத்தின் தொடக்கத்தில் நிற்கும்போது அவருக்கு வயது 17.