பழி மட்டும் பேட்டரி மேல்

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. உடனே தெருவில் நிற்பவர்கூட "பேட்டரி போச்சு சார்" என்பார். ஆட்டோ எலக்ட்ரீஷியனான எனக்கு இந்தத் தீர்ப்பைக் கேட்டாலே எரிச்சல் வரும். பேட்டரி இறங்கியிருப்பது சரி, அதைப் பட்டினி போட்டது யார் என்று பார்க்க வேண்டாமா?

பேட்டரி மேல்நிலைத் தொட்டி என்றால் டைனமோ அதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். ஆல்டர்நேட்டரைத்தான் பட்டறையில் இன்னும் டைனமோ என்கிறோம். இன்ஜின் ஓடும்போது பெல்ட் அதைச் சுற்றும். உள்ளே உண்டாகும் ஏ.சி. மின்சாரத்தை டயோடுகள் டி.சி.யாக மாற்றும். வோல்டேஜ் எகிறாமல் பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. முழு சார்ஜிலும் விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.4 காட்டி இன்னும் இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை: பெல்ட் தளர்ந்திருக்கும், டைனமோவில் கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது ஃபியூஸ் போயிருக்கும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரித் தண்ணீர் கொதித்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது.

புது வண்டிகளில் ஒரு சிக்கல். பேட்டரி நிரம்பிவிட்டால் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வண்டியின் கம்ப்யூட்டரே வோல்டேஜைக் குறைத்துவிடும். 12.8 காட்டுகிறதே என்று டைனமோவைக் கழற்றிவிடாதீர்கள். ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டுப் பாருங்கள். அப்போது மேலே ஏறினால் டைனமோ நன்றாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் காரைக் கொண்டுவந்தார். "தம்பி, புது பேட்டரி போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலை, மறுபடியும் தள்ள வேண்டியிருக்கு. டைனமோவையும் மாத்தணும்ங்கிறாங்க." டைனமோவின் முனையில் அளந்தால் 14.2. பேட்டரியில் அளந்தால் 13.2. ஒரு வோல்ட் நடுவழியில் காணோம்! ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு ஊசியை டைனமோ உடம்பிலும் இன்னொன்றைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன். 0.2-க்குள் இருக்க வேண்டியது 0.9 காட்டியது. எர்த் சரியில்லை. "சார், வண்டிக்கு டிங்கரிங் வேலை பார்த்தீங்களா?" என்றேன். பார்த்திருந்தார். எர்த் பட்டை பாடியில் சேரும் இடத்திலும் பெயின்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்ததும் மாட்டினேன். பேட்டரியில் 14.1. டைனமோ வாங்க எடுத்து வந்த பணத்தை அவர் மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பார்கள். இன்றும் சிலர் செய்கிறார்கள். கூடவே கூடாது. வோல்டேஜ் ஒரு நொடியில் பல மடங்கு எகிறிக் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். அதன் விலைக்கு எத்தனையோ பேட்டரி வாங்கலாம்.

சார்ஜ் எல்லாம் ஒழுங்காக ஏறுகிறது, ஆனாலும் நின்ற இடத்தில் இறங்குகிறதென்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, அதற்கப்புறம் அளக்க வேண்டும். அதுவரை உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்காது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. வெளியில் மாட்டிய டேஷ்கேமோ பாட்டுப் பெட்டியோ 200 மில்லி ஆம்பியர் குடித்தால், சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி. ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறும் ஆளாக இருந்தால், முதலில் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.